புதிதாகச் சேரும் கல்லூரி ஆசிரியருக்கு எந்தப் பயிற்சி? ஐந்து வழிகளை எடை போட்டுப் பார்த்தோம்

ஒன்பதாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்க வருகிறவர் பி.எட். முடித்திருக்க வேண்டும். 2015 முதல் அது 2 ஆண்டுப் படிப்பு. அதில் 20 வாரம் பள்ளிக்கூடத்திலேயே கழிகிறது. பாடக்குறிப்பு எழுதி, பிள்ளைகள் முன்னால் நின்று நடத்தி, பின்வரிசையில் இருந்து பார்த்தவரிடம் நிறைகுறை கேட்டுத்தான் பட்டம் வாங்க முடியும். அதே பிள்ளை நான்கு வருடம் கழித்துக் கல்லூரிக்கு வந்து உட்காரும்போது, எதிரே நிற்கும் உதவிப் பேராசிரியருக்கு அப்படி எதுவும் தேவைப்படுவதில்லை. முதுகலையில் 55 சதவீதம், அதோடு நெட் அல்லது செட் (கல்லூரி ஆசிரியர் பணிக்கான தேசிய, மாநிலத் தகுதித் தேர்வுகள்) அல்லது முனைவர் பட்டம் இருந்தால் போதும். பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி.யின் நெட் தேர்வில் 150 கேள்விகளில் கற்பித்தல் திறன் என்ற பகுதிக்கு வருவது 5 கேள்விகள்தான்.

தென்மாவட்டம் ஒன்றில், அரசு உதவி பெறும் கல்லூரியில் 24 வருடமாக இயற்பியல் நடத்துகிறேன். இந்த ஜூனில் எங்கள் முதல்வர் மூன்று பேர் கொண்ட குழு ஒன்றைப் போட்டார். அதில் நானும் ஒருத்தி. எங்களிடம் வந்த கேள்வி எளிமையானது. அறிவியல் துறைகளில் புதிதாக வந்திருப்பவர்கள் 11 பேர். நிரந்தரப் பணியில் 2 பேர், சுயநிதிப் பிரிவில் 5 பேர், வகுப்பும் எடுக்கத் தொடங்கப் போகிற முழுநேர ஆய்வாளர்கள் 4 பேர். இவர்களுக்கு இந்த ஆண்டு என்ன பயிற்சி கொடுப்பது? பணம் கொஞ்சம்தான் இருக்கிறது, நேரம் அதைவிடக் குறைவு.

குழுவில் பேசியதையும், கணக்குப் போட்டதையும், கடைசியில் எடுத்த முடிவையும் இங்கே எழுதுகிறேன். மற்ற கல்லூரிகளிலும் இதே கேள்வி இருக்கும் என்பதால்.

முதலில் எல்லோர் வாயிலும் வருவது கல்லூரி ஆசிரியர்களுக்குப் பயிற்சி தரும் மாளவியா மிஷன் மையம். 1986 தேசியக் கல்விக் கொள்கையை ஒட்டி 1987-ல் யு.ஜி.சி. தொடங்கிய அகாடமிக் ஸ்டாஃப் காலேஜ்தான் பின்னால் மனிதவள மேம்பாட்டு மையம் ஆகி, 2023 செப்டம்பர் 5-ல் மாளவியா மிஷன் என்று பெயர் மாறியது. பெயர் எத்தனை முறை மாறினாலும் ஆசிரியர்கள் இன்றும் 'ஓரியன்டேஷன் போயிட்டு வந்தாச்சா?' என்றுதான் கேட்டுக்கொள்கிறார்கள். புதிதாகச் சேர்ந்தவருக்கு ஒரு மாத அறிமுகப் பயிற்சி வேண்டும், முடிந்தால் வகுப்பு எடுக்கத் தொடங்கும் முன்பே, தவறினாலும் சேர்ந்த ஓராண்டுக்குள், என்று 2018 விதிமுறை சொல்கிறது. நல்ல விதி. அதற்கான பாடத்திட்டத்தை யு.ஜி.சி. 'குரு தக்ஷதா' என்ற பெயரில் வகுத்திருக்கிறது.

நான் போனது பழைய ஓரியன்டேஷன். 4 வாரம், 144 மணி நேரம். நான் தங்கிப் படித்த அந்த மாதத்தை இன்றும் நன்றியோடு நினைக்கிறேன். வேதியியல்காரர், வணிகவியல்காரர், தமிழ்த்துறைக்காரர் என்று எல்லோரும் ஒரே மெஸ்ஸில் சாப்பிட்டுக்கொண்டு கல்லூரி வகுப்பைப் பற்றி மட்டுமே பேசிய மாதம் என் வாழ்க்கையில் அது ஒன்றுதான். ஆனால் கேட்ட சொற்பொழிவுகளில் இன்று நினைவில் நிற்பது ஒன்றுகூட இல்லை. நிற்பது வேறொன்று. மூன்றாவது வாரம் ஆளுக்குப் பதினைந்து நிமிடம் பாடம் நடத்திக் காட்டச் சொன்னார்கள். நான் முடித்ததும் தமிழ்த்துறை அண்ணன் ஒருவர் எழுந்து, "மேடம், நீங்க போர்டுகூடவே பேசுறீங்க. எங்க பக்கம் திரும்பினது மொத்தமே நாலு தடவைதான்" என்றார். அவர் எண்ணியிருக்கிறார்! அன்றைக்குக் கொஞ்சம் வலித்தது. ஊருக்குத் திரும்பிய மறுநாளே எழுதி முடித்துவிட்டுத் திரும்பிப் பேசும் பழக்கத்தைத் தொடங்கினேன். 144 மணி நேரத்தில் என்னை மாற்றியது அந்தப் பதினைந்து நிமிடமும் அதற்குப் பிறகு வந்த அந்த ஒரு வாக்கியமும்.

இப்போது இந்தப் பயிற்சிகள் பெரும்பாலும் இணைய வழியில் நடக்கின்றன. வீட்டில் சின்னக் குழந்தை இருக்கும் ஆசிரியைகளுக்கு இது பெரிய வசதி, அதை மறுக்க மாட்டேன். ஆனால் திரையில் பெரிய கூட்டம் உட்கார்ந்திருக்கும்போது அந்தப் பதினைந்து நிமிடம் யாருக்குக் கிடைக்கும்? தேசியக் கல்விக் கொள்கையை அறிமுகப்படுத்தும் குறுகிய பயிற்சியில் 8 கருப்பொருள்கள் வைத்திருக்கிறார்கள். பாரத அறிவு மரபு, நிர்வாகத் தலைமை, ஆராய்ச்சி, திறன் மேம்பாடு என்று போகிறது. ஒரு பேராசிரியர் தெரிந்துகொள்ள வேண்டியவைதான். ஆனால் திங்கட்கிழமை காலை முதல் பீரியடில் 60 பேருக்கு முன்னால் நடுங்கிக்கொண்டு நிற்கப் போகிறவருக்கு அன்றைக்குத் தேவை அது இல்லை.

இன்னொரு சிக்கல், பதவி உயர்வு. உதவிப் பேராசிரியர் அடுத்த நிலைக்குப் போக 21 நாள் ஓரியன்டேஷன் வேண்டும் என்பதால், பலர் அந்த நாள் நெருங்கும்போதுதான் விண்ணப்பிக்கிறார்கள். அப்போது நாலு வருடமோ ஐந்து வருடமோ பாடம் நடத்தியிருப்பார்கள். பழக்கம் கெட்டிப்பட்டுவிடும். அப்புறம், சுயநிதிப் பிரிவு ஆசிரியருக்கு இந்தக் கதவே சரியாகத் திறப்பதில்லை. ஓ.டி. (பணியில் இருப்பதாகவே கணக்கிடும் அனுமதி) கிடைக்காது, போனால் வகுப்பை ஈடுகட்ட ஆள் இருக்காது. எங்கள் 11 பேரில் 9 பேருக்கு இந்த வழி நடைமுறையில் மூடியே இருக்கிறது. இதை நாங்கள் வெகுநேரம் பேசினோம். கல்லூரியில் அதிக வகுப்பு எடுப்பவர்களுக்கே குறைந்த பயிற்சி என்பது எனக்குப் பொறுக்கவில்லை.

இரண்டாவது வழி, இணையத்தில் பாடம் நடத்தும் ஸ்வயம், என்.பி.டி.இ.எல். ஸ்வயம் தளம் 2017 ஜூலையில் வந்தது. 2018-ல் ஆசிரியர்களுக்கென்றே அர்பிட் என்ற புத்தொளிப் பயிற்சியை அதில் நடத்தினார்கள். 20 மணி நேரம் வீடியோ, 20 மணி நேரம் மற்ற வேலைகள். ஏ.ஐ.சி.டி.இ.யின் கீழ் வரும் தொழில்நுட்பக் கல்லூரிகளில் சேருபவர்களுக்கு என்.ஐ.டி.டி.டி. என்று 8 மாட்யூல் கொண்ட பயிற்சியும் உண்டு. என்.பி.டி.இ.எல். பாடங்கள் எதற்கும் சேரப் பணமில்லை. தேர்வு எழுதிச் சான்றிதழ் வாங்கத்தான் கட்டணம். அசைன்மென்டுக்கு 25, நேரில் போய் எழுதும் தேர்வுக்கு 75 என்று மதிப்பெண் போடுகிறார்கள். ஏமாற்று வேலை நடக்காது.

பாட அறிவுக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. எங்கள் துறையில் திடநிலை இயற்பியல் படிக்காமலே அதை நடத்த வேண்டி வந்த ஒரு தம்பி, 12 வாரம் விடாமல் உட்கார்ந்து நல்ல மதிப்பெண்ணோடு முடித்தார். அவருடைய நோட்ஸ் அந்த செமஸ்டரில் எவ்வளவு தெளிவானது என்பதை நானே பார்த்தேன். ஆனால் வகுப்பில் அவர் குரல் மூன்றாவது பெஞ்சைத் தாண்டவில்லை. அதை எந்த வீடியோவும் அவருக்குச் சொல்லியிருக்க முடியாது. அவர் வகுப்பை அது பார்க்கவில்லையே.

மூன்றாவது வழி, கல்லூரியிலேயே ஐந்து நாள் எஃப்.டி.பி., அதாவது ஆசிரியர் மேம்பாட்டுப் பயிற்சி. இதைப் பற்றி அதிகம் எழுத ஒன்றும் இல்லை. ஐந்து விருந்தினர், தினமும் ஒரு தலைப்பு, சால்வை, மதிய உணவு, கடைசி நாள் சான்றிதழ். கல்லூரியின் தரத்தை மதிப்பிடும் நாக் குழு வரும்போது காட்ட ஒரு கோப்பு கிடைக்கும். ஐந்தாம் நாள் மாலை கருத்துப் படிவம் வாங்குகிறோம். இரண்டு மாதம் கழித்து உங்கள் வகுப்பில் என்ன மாறியது என்று நாங்கள் இதுவரை யாரையும் கேட்டதில்லை. நானே இரண்டு முறை இதை ஏற்பாடு செய்திருக்கிறேன், அதனால்தான் உறுதியாகச் சொல்கிறேன்.

ஒரே ஒரு வகை எஃப்.டி.பி.க்கு மட்டும் என் ஓட்டு உண்டு. கையால் செய்து பார்க்கும் பட்டறை. புதுதில்லியில் இருக்கும் இன்டர் யுனிவர்சிட்டி ஆக்சிலரேட்டர் சென்டர் உருவாக்கிய எக்ஸ்ப்ஐஸ் என்ற சின்னப் பெட்டியை வைத்துப் பட்டறை நடத்தினால், மடிக்கணினியோடு அதை இணைத்து ஆசிரியர்களே அலைவடிவம் பார்ப்பார்கள், மின்தேக்கி மின்னிறங்குவதை அளப்பார்கள். அப்படிப் போய்வந்தவர் அடுத்த வாரமே அதை ஆய்வகத்தில் பிள்ளைகளுக்குச் செய்துகாட்டுவார். கற்றது கையில் இருப்பதால் வகுப்புக்கும் வந்துவிடுகிறது.

நான்காவது வழிக்கு வருகிறேன். துறைக்குள்ளேயே ஒருவர் வகுப்பில் இன்னொருவர் போய் உட்கார்ந்து பார்ப்பது, பிறகு இரண்டு பேரும் உட்கார்ந்து பேசுவது. இதற்குப் பணம் தேவையில்லை. ஆனால் எல்லோரும் பயப்படுவது இதற்குத்தான்.

போன ஆண்டு சோதனையாக இதைச் செய்து பார்த்தோம். புதிதாகச் சேர்ந்த ஒரு தம்பியிடம் அனுமதி கேட்டு, அவருடைய இரண்டாமாண்டு பி.எஸ்ஸி. வகுப்பில் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். நிலைமின்னியல். பாடம் சுத்தமாக நடத்தினார், கையெழுத்து முத்து முத்தாக இருந்தது. நோட்டின் இடது ஓரத்தில் நேரத்தையும், வலது பக்கம் நடந்ததையும் மட்டும் குறித்தேன். நல்லது, கெட்டது என்று எதுவும் எழுதவில்லை. 50 நிமிடத்தில் அவர் 14 கேள்வி கேட்டார். அதில் 11-க்கு இரண்டு நொடிக்குள் அவரே பதில் சொல்லிவிட்டார். "கடத்திக்குள்ள மின்புலம் ஏன் சுழி?" என்று கேட்டார், ஒரு மூச்சு விட்டார், "ஏன்னா..." என்று தொடங்கிவிட்டார். பிள்ளைகளும் பழகியிருந்தார்கள். கேள்வி வந்ததும் பேனாவைத் தயாராக வைத்துக்கொண்டு பதிலுக்குக் காத்திருந்தார்கள். "புரியுதா?" என்றதற்கு ஒரே குரலில் "புரியுது சார்."

இது அந்தத் தம்பிக்கு மட்டும் உள்ள பழக்கம் இல்லை. அமெரிக்க வகுப்பறைகளை ஆராய்ந்த மேரி பட் ரோ 1970-களிலேயே இதைக் கண்டு சொன்னார். ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருப்பது சராசரியாக ஒரு நொடி. அதை மூன்று நொடி ஆக்கினாலே பதில்கள் நீளமாகின்றன, வாய் திறக்காத பிள்ளைகளும் பேசத் தொடங்குகிறார்கள். நானும் அப்படி ஒரு நொடி ஆசிரியையாகத்தான் பல வருடம் இருந்திருப்பேன். யாரும் வந்து எண்ணிச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

வகுப்பு முடிந்து கேன்டீனில் டீ குடிக்கும்போது நோட்டை அவரிடமே கொடுத்துவிட்டேன். "தம்பி, இந்தப் பதினாலு கேள்வியில எதுக்கு அவங்க நிஜமாவே பதில் சொல்வாங்கன்னு நினைச்சீங்க?" என்று மட்டும் கேட்டேன். வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தவர், "ரெண்டுக்குத்தான் மேடம்" என்றார். அடுத்த வாரம் அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். ஒரு வகுப்புக்கு இரண்டே கேள்வி. கரும்பலகையில் எழுதிவிடுவார். ஒரு நிமிடம் நோட்டில் எழுத வேண்டும், இன்னொரு நிமிடம் பக்கத்தில் இருப்பவரோடு பேச வேண்டும். தமிழிலேயே பேசலாம். மூன்றாவது வாரம் நான் போயிருந்தபோது அதே மின்புலக் கேள்வி மறுபடி வந்தது. அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்துவிட்டு வந்த ஒரு பெண், அதுவரை அட்டெண்டன்ஸுக்கு மட்டும் குரல் கொடுத்தவள், எழுந்து, "உள்ள புலம் இருந்தா எலக்ட்ரான் நகர்ந்துக்கிட்டே இருக்கும்ல சார்? அது நின்னுடுச்சுன்னா புலம் இல்லன்னுதானே அர்த்தம்?" என்றாள். புத்தகத்தில் இருப்பதைவிட நன்றாகச் சொன்னாள். தம்பி என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வைக்காகவே நான் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன் என்றுகூடச் சொல்லலாம்.

சரி, ஒரு வகுப்பில் நடந்ததை வைத்து 11 பேருக்கு முடிவெடுக்கலாமா என்று குழுவில் கணிதத்துறைப் பேராசிரியர் கேட்டார். நியாயமான கேள்வி. கையில் இருக்கும் ஆதாரங்களைத் தேடி எடுத்தோம். பள்ளி ஆசிரியர்களுக்கு அருகிலிருந்து வழிகாட்டும் பயிற்சி பற்றிய 60 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த மேத்யூ கிராஃப்ட் குழுவினர் 2018-ல் வெளியிட்ட முடிவு, கற்பிக்கும் முறையில் தெளிவான முன்னேற்றத்தையும், மாணவர் அடைவில் அதைவிடக் குறைந்த, ஆனால் உண்மையான முன்னேற்றத்தையும் காட்டுகிறது. பெரிய அளவில் நடத்தும்போது பலன் குறைகிறது என்பதையும் அவர்களே சொல்கிறார்கள். எங்களுக்கு 11 பேர்தான், அதனால் அந்தக் கவலை குறைவு.

கல்லூரி மட்டத்தில் என்னை அசைத்தது கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் நடந்த சோதனை. நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் கார்ல் வீமன் அதில் பங்கெடுத்தார். 2011-ல் சயின்ஸ் இதழில் வந்தது. முதலாமாண்டு இயற்பியலில் இரண்டு பெரிய பிரிவுகள். ஒன்றை மாணவர்களிடம் நல்ல பெயர் வாங்கிய அனுபவசாலி விரிவுரையாக நடத்தினார். இன்னொன்றை, புதிய முறையில் பயிற்சி பெற்ற, ஆனால் கற்பித்த அனுபவம் அதிகம் இல்லாத முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வாளர் நடத்தினார். ஒரே பாடம், ஒரே வாரம். முடிவில் வைத்த தேர்வில் விரிவுரைப் பிரிவின் சராசரி 41 சதவீதம், ஆய்வாளரின் பிரிவு 74. ஒரு வாரப் பாடத்துக்கு உடனே வைத்த தேர்வு என்பதால் இதை வைத்து எல்லாவற்றையும் சொல்லிவிட முடியாது. ஆனாலும் அனுபவம் தானாகவே நல்ல ஆசிரியரை உருவாக்கிவிடும் என்று இருபது வருடம் நம்பியிருந்த எனக்கு அந்த இரண்டு எண்களும் தூக்கத்தைக் கெடுத்தன.

நேரக் கணக்கு போட்டோம். ஒருவருக்கு ஒரு செமஸ்டரில் மூன்று முறை. ஒவ்வொரு முறையும் வகுப்புக்கு முன் கால் மணி, வகுப்பு ஒரு மணி, பின் அரை மணி. 11 பேருக்கும் சேர்த்துப் பார்ப்பவர்களுக்கு 58 மணி நேரம் ஆகும். மூத்தவர்கள் 6 பேர் பகிர்ந்துகொண்டால் தலைக்குப் பத்து மணி நேரத்துக்குள் முடிகிறது. புதியவர்கள் பேச உட்காரும் நேரத்தையும் சேர்த்தால் மொத்தம் சுமார் 83 மணி நேரம். அதே 11 பேரை ஐந்து நாள், தினம் ஆறு மணி நேரம் எஃப்.டி.பி.யில் உட்கார வைத்தால் 330 மணி நேரம். 'நேரம் இல்லை' என்ற வாதம் அந்த இடத்தில் ஓய்ந்தது.

பயம் ஓயவில்லை. ஓயக் கூடாததும் அதுதான், ஏனென்றால் அந்தப் பயத்துக்குக் காரணம் உண்டு. என் ஆரம்ப நாளில் வேறொரு கல்லூரியில் தற்காலிகமாக இருந்தபோது, துறைத் தலைவர் முன்னறிவிப்பு இல்லாமல் என் வகுப்புக்குள் வந்து பத்து நிமிடம் நின்றுவிட்டுப் போனார். என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. வருட முடிவில் புதுப்பிக்காமல் விட்டதற்கு அந்தப் பத்து நிமிடத்தைக் காரணமாகக் காட்டினார்கள். வேலை உறுதியில்லாத ஒருவருக்கு வகுப்பின் பின்வரிசையில் உட்காரும் ஆள் எப்படித் தெரிவார் என்பது எனக்கு நன்றாகவே தெரியும். அதனால் நான் ஒரு நிபந்தனையில் பிடிவாதமாக இருந்தேன். பார்த்தவர் எழுதிய நோட்டு வகுப்பு எடுத்தவருக்குத்தான் சொந்தம். நகல் கிடையாது, கோப்பு கிடையாது, முதல்வருக்கும் போகாது. நாக் குழுவுக்குக் காட்ட எத்தனை சந்திப்பு நடந்தது என்ற எண்ணிக்கை போதும். முதல்வர் யோசித்தார், ஒத்துக்கொண்டார்.

மாணவர் கருத்துப் படிவம் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஹார்வர்டில் லூயி டெலோரியேவும் மற்றவர்களும் 2019-ல் வெளியிட்ட ஆய்வில், தாங்களே பேசி, எழுதி, யோசித்துப் படித்த மாணவர்கள் அதிகம் கற்றிருந்தார்கள். ஆனால் குறைவாகக் கற்றதாகவே அவர்கள் நினைத்தார்கள். சரளமான விரிவுரை கேட்டவர்களுக்குத்தான் நிறையக் கற்ற உணர்வு இருந்தது. நம் ஊரிலும் இதே பேச்சு உண்டு: "அந்த சார் எங்களையே பேசச் சொல்றாரு, போர்ஷனே முடிக்கல." புதிதாக ஒன்றை முயன்று பார்க்கும் ஆசிரியருக்கு முதல் செமஸ்டரில் மதிப்பெண் இறங்கக்கூடும். அந்த ஒரு செமஸ்டர் கருத்துப் படிவத்தை வைத்து யாருடைய பணியையும் முடிவு செய்யக் கூடாது என்றும் எழுதிக் கொடுத்திருக்கிறோம்.

இந்த வழியின் உண்மையான பலவீனம் வேறு. நல்ல மூத்தவர்கள் இல்லாத துறையில் இது நடக்காது. மொத்தமே இரண்டு பேர் இருக்கும் துறை, எல்லோருமே புதியவர்களாக இருக்கும் கல்லூரி இவற்றுக்கெல்லாம் மாளவியா மையமே மேல் என்று தயங்காமல் சொல்வேன். வேறு துறைக்காரர் வந்து பார்க்கலாம்தான். எனக்கு உதவியவர் தமிழ்த்துறைக்காரர். ஆனால் என் பாடத்தில் நான் தவறாக ஒன்றைச் சொல்லியிருந்தால் அவருக்குத் தெரிந்திருக்காது. அதனால் மூன்று முறையில் இரண்டு அதே துறை, ஒன்று வேறு துறை என்று வைத்துக்கொண்டோம்.

ஐந்தாவதை ஒரு வழி என்பதைவிட, எங்கே தொடங்குவது என்ற கேள்வி எனலாம். ஆய்வாளர்கள். யு.ஜி.சி.யின் 2022 முனைவர் பட்ட விதிமுறை, எந்தத் துறை ஆய்வாளராக இருந்தாலும் தன் பாடத்தைக் கற்பிப்பதிலும் எழுதுவதிலும் பயிற்சி பெற வேண்டும் என்கிறது. வாரம் 4 முதல் 6 மணி நேரம் வரை டியூட்டோரியல், ஆய்வகம், மதிப்பீட்டு வேலைகளில் ஈடுபடுத்தலாம் என்றும் சொல்கிறது. நாளைய பேராசிரியரை உருவாக்க இதைவிடப் பொருத்தமான வயது கிடையாது. வீமனின் சோதனையில் ஜெயித்ததும் ஓர் ஆய்வாளர்தானே. ஆனால் பல இடங்களில் இது ஆசிரியர் வராத வகுப்புக்கு ஸ்காலரை அனுப்புவதாகவும், இன்டர்னல் பேப்பர் கட்டைத் திருத்தக் கொடுப்பதாகவும் முடிகிறது. அது பயிற்சி ஆகாது, வேலை வாங்குவது. அப்படி வாங்கப்பட்ட வேலைக்கு நன்றிகூடக் கிடைப்பதில்லை.

எங்கள் 4 ஆய்வாளர்களுக்குப் படிப்படியாக ஒரு வழி போட்டோம். முதல் செமஸ்டரில் இரண்டு ஆசிரியர்களின் வகுப்பில் உட்கார்ந்து நேரக்குறிப்பு எடுப்பது மட்டும். இரண்டாவதில் ஆய்வகத்தில் ஒரு பேட்ச். மூன்றாவதில் வாரம் ஒரு டியூட்டோரியல், பத்துப் பன்னிரண்டு பேருக்கு. நான்காவதில் ஒரு யூனிட் முழுதும், நெறியாளரோ வேறொரு மூத்தவரோ பின்வரிசையில் இருக்க. வாரத்துக்கு 4 மணி நேரத்தைத் தாண்டாது. நெறியாளர்களில் ஒருவர் ஆய்வு தாமதமாகும் என்று வருத்தப்பட்டார். அந்த வருத்தம் எனக்கும் புரிகிறது. ஆனால் ஆய்வாளர்களில் பெரும்பாலோர் முனைவர் பட்டத்துக்குப் பின் தேடப் போவது ஆசிரியர் வேலையைத்தான். ஐந்து வருடம் அந்த வேலையைத் தொடாமலே தயாராகச் சொல்வது நியாயம் இல்லை.

மற்ற நாடுகள் இதை எப்படிக் கட்டாயமாக்கியிருக்கின்றன என்பதையும் பார்த்தோம். இலங்கையில் தகுதிகாண் காலத்தில் இருக்கும் விரிவுரையாளர் பணி நிரந்தரம் ஆவதற்கு, பல்கலைக்கழகத்தின் ஆளணி அபிவிருத்தி நிலையம் நடத்தும் உயர்கல்விக் கற்பித்தல் சான்றிதழை முடிக்க வேண்டும். நார்வே இணைப் பேராசிரியர் பதவிக்கு 200 மணி நேரக் கற்பித்தல் பயிற்சியை 2019-ல் விதியாக்கியது. இங்கே பதவி உயர்வோடு கட்டியிருப்பதை அங்கே தொடக்கத்தோடு கட்டியிருக்கிறார்கள். அதை மாற்ற எங்கள் குழுவால் முடியாது. எங்கள் கல்லூரிக்குள் தொடக்கத்திலேயே தொடங்க முடியும்.

எங்கள் முடிவு இது. இந்த ஆண்டு ஐந்து நாள் எஃப்.டி.பி. கிடையாது. அந்தப் பணத்தில் டிசம்பர் விடுமுறையில் இரண்டு நாள் எக்ஸ்ப்ஐஸ் பட்டறை, அதற்கு முன் ஒரு சனிக்கிழமை மூத்தவர்கள் 6 பேருக்கும் வகுப்பைப் பார்த்துக் குறிப்பெடுக்கும் பழக்கம். இந்த மூத்தவர் பயிற்சியை விட்டுவிட்டால் பேச்சு உபதேசமாகிவிடும் என்பது போன ஆண்டு கற்றது. நிரந்தரப் பணியில் சேர்ந்த இருவரும் மாளவியா மையத்துக்குக் கட்டாயம் போகிறார்கள். ஆனால் முதல் செமஸ்டர் முடிந்த பிறகு, ஓராண்டு கெடுவுக்குள். வகுப்பு தொடங்கும் முன்பே போவது நல்லது என்று விதி நினைக்கிறது. நான் அதில் மாறுபடுகிறேன். வகுப்பில் நின்று திணறிய அனுபவம் இல்லாதவரிடம் கேட்பதற்குக் கேள்வியே இருக்காது. மூன்று நோட்டுக் குறிப்புகளோடு போகிறவர் அந்த ஒரு மாதத்தை வேறு விதமாகப் பயன்படுத்துவார். என்.பி.டி.இ.எல். பாடம், சொல்லிக்கொடுக்க வேண்டிய பாடத்தில் பலவீனம் உள்ளவர்களுக்கு மட்டும். இருவராகச் சேர்ந்து எடுக்க வேண்டும். தேர்வுக் கட்டணத்தைக் கல்லூரி கொடுக்கும்.

சுயநிதிப் பிரிவு ஐந்து பேருக்கும் இந்தச் சந்திப்புகள் பணி நேரத்துக்குள்ளேயே நடக்கும். வாரத்தில் ஒரு பீரியட் குறைத்து, அதை இதற்கென்று கால அட்டவணையிலேயே போட்டிருக்கிறோம். இதற்குத்தான் நிர்வாகத்தோடு அதிகம் வாதாட வேண்டி வந்தது. ஒரு பீரியட் என்றாலும் இன்னொருவர் அதை எடுத்தாக வேண்டுமே. கடைசியில் நானும் கணிதத்துறைப் பேராசிரியரும் தலைக்கு ஒரு பீரியட் கூடுதலாக எடுத்துக்கொண்டோம், மீதியை நிர்வாகம் ஏற்றது.

முதல் சந்திப்பு அடுத்த புதன்கிழமை, மூன்றாவது பீரியட். வகுப்பு என்னுடையது. புதிய ஆசிரியர்களில் இருவரும் ஆய்வாளர்களில் இருவரும் கடைசி பெஞ்சில் இருப்பார்கள். நான் கேள்வி கேட்டபின் எத்தனை நொடி காத்திருக்கிறேன் என்று கடிகாரத்தைப் பார்த்துக் குறிக்கச் சொல்லியிருக்கிறேன்.